பிஸ்கட் டப்பாவுக்குள் மூன்று போன்கள்

கோயிலுக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றுவதுபோல, எங்கள் காரில் ஏறுமுன் போனைக் கழற்றிவைப்பது வழக்கமாக இருந்தது. மூன்று போன்களையும் ஒரு நீல நிற பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி, டிக்கியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் வண்டி கிளம்பும். ஷார்ஜாவின் அல் நஹ்தாவிலிருந்து துபாயின் அல் கூஸுக்கு நல்ல நாளில் முக்கால் மணி நேரம். மற்ற நாட்களில், அதாவது தினமும், ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் மூன்று பெண்கள் கையில் போன் இல்லாமல் உட்கார்ந்திருப்போம் என்று சொன்னால் ஊரில் என் தங்கை நம்பவில்லை. "ஏன்க்கா, எதையாவது கடத்துறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நாங்கள் கடத்தியது அபிப்பிராயங்களைத்தான்.

திருச்சியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் மந்திரியைத் திட்டலாம், கலெக்டரைத் திட்டலாம், பக்கத்தில் நிற்கிறவர் எந்தக் கட்சி என்று தெரியாமலேயே அவர் கட்சியைத் திட்டலாம். அதிகம் போனால் சட்டைக் காலரைப் பிடிப்பார்கள், கண்டக்டர் விலக்கிவிடுவார். இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. நம் நாட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவோம். இந்த நாட்டைப் பற்றி மட்டும், ரோடு நன்றாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வோம். ஆபீஸைப் பற்றி அதுகூட இல்லை. எல்லாம் சூப்பர், எல்லாம் எக்ஸலண்ட். அப்படி நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருப்பவளுக்கு அந்தக் கார்தான் டவுன் பஸ்.

கார் தவமணி அக்காவுடையது. யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர், எங்கள் ஆபீஸ் பக்கத்தில் ஒரு பல் கிளினிக்கில் கணக்கு பார்க்கிறார். ஓட்டுவது அவர், முன்சீட்டில் நான், பின்சீட்டில் சுகன்யா. சுகன்யா மதுரைப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள், என் ஆபீஸிலேயே, என் பக்கத்து மேஜையில் வேலை. அந்த வேலைக்கு அவளைச் சொல்லிவிட்டதே நான்தான். வந்த புதிதில், எங்கள் கட்டிடத்திலேயே ஒரு வீடு கிடைக்கும்வரை, ஒரு மாதம் எங்கள் வீட்டு ஹாலில்தான் படுத்துக்கொண்டாள். என் மகள் அனன்யா தன் போர்வையை அவளுக்குக் கொடுத்துவிட்டு என் போர்வைக்குள் புகுந்துகொள்வாள்.

காரில் ஒரு சட்டம் உண்டு. ஏறியதும் ஆளுக்கொரு "தெரியுமா" சொல்லவேண்டும். தேன் கெட்டுப்போகாது தெரியுமா, ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு, தெரியுமா, இப்படி. சுகன்யா சொல்பவைதான் எப்போதும் நன்றாக இருக்கும். அது முடிந்ததும் உலக விவகாரம். முக்கியமாக, போன் கம்பெனிகளும் செயலிக் கம்பெனிகளும் நம்மை என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பது. தவமணி அக்கா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிப் பேசுவார். "எனக்கு முழங்கால் நோகுது எண்டு என்ர மனுசனுக்கே சொல்லேல்ல. உந்த ஃபோன் தைலம் காட்டுது. ஆர் சொன்னது அதுக்கு?" சுகன்யா விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்போது நினைத்தாலும் பிடிக்கிறது, அதுதான் கடுப்பாக இருக்கிறது.

எங்கள் வேலையைச் சொல்லவேண்டும். கட்டிட கான்ட்ராக்ட் கம்பெனியில் இருவரும் டாக்குமென்ட் கன்ட்ரோலர்கள். வரைபடங்கள் வரும், எண் போட்டு, பதிந்து, சைட்டுக்கு அனுப்புவோம். திருத்திய வரைபடம் வந்தால் பழையதன்மேல் சிவப்பு மையில் "இது இனி செல்லாது" என்ற பொருளில் ஒரு முத்திரை குத்தி ஒதுக்குவோம். போன வருடக் கடைசியில் இதையெல்லாம் தானே செய்யும் என்று ஒரு மென்பொருளை வாங்கினார்கள். கூடவே, அதே கம்பெனியின் செயலியை எங்கள் போன்களிலும் போடச் சொன்னார்கள். காமிரா, இருப்பிடம், மைக் என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது; கொடுத்தோம். மென்பொருள் பழகியதும் இரண்டு கன்ட்ரோலர்களில் ஒருவர் போதும் என்று ஆபீஸில் பேச்சு. அது எனக்கும் தெரியும், சுகன்யாவுக்கும் தெரியும். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் நாங்கள் காரில் பேசியதே இல்லை.

என் நிலைமை இது. கணவருக்கு வேலை போய் எட்டு மாதம். அவருடைய விசாவும் அனன்யாவின் விசாவும் என் வேலையில்தான் நின்றன. அனன்யா பன்னிரண்டாவது. மார்ச்சில் பரீட்சை முடியும்வரை இந்த வேலை இருந்தால் போதும், அப்புறம் என்ன ஆனாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம். அவ்வளவுதான் நான் கேட்டது. நான்கு மாதம்.

ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் சுகன்யா, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று சொன்னாள். முந்தின நாள்தான் அந்த மென்பொருள் படிக்கட்டு வரைபடத்தைக் கழிவறைக் கணக்கில் சேர்த்திருந்தது. "ஆக்டோபஸுக்கு மூணு இதயம், நம்ம சாஃப்ட்வேருக்கு அரை மூளைகூட இல்ல. நான் போய் அதுக்கு எக்ஸலண்ட்னு எழுதிக் குடுத்திருக்கேன் பாரு" என்றேன். மூவரும் சிரித்தோம். பாலத்தின்மேல் வண்டி நகரவேயில்லை, அன்று அதுகூட உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் மேனேஜர் நபீல் என் மேஜைப் பக்கம் வந்தார். ஜோர்டான்காரர், எப்போதும் புன்னகை. "மேடம் வத்சலா, ஆக்டோபஸ் ஹவ் மெனி ஹார்ட்?" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். மேனேஜருக்கும் நம்மைப்போல "தெரியுமா" பைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்தேன். "த்ரீ, சார்!" என்றேன், பள்ளிக்கூடப் பிள்ளைபோல. "அண்ட் அவர் சிஸ்டம், ஹவ் மெனி பிரெய்ன்?" என்றார், அதே புன்னகையோடு. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி சிரித்தேன். அவரும் சிரித்தார். "கலாஸ், மேடம்", அதாவது அவ்வளவுதான், முடிந்தது, என்று மேஜையை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காரில் சொன்னபோது சுகன்யாதான் முதலில் பதறினாள். "மைக் பர்மிஷன் கேட்டுச்சே, அப்பவே நினைச்சேன்க்கா! அந்த ஆப்தான். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கு." எனக்கு அது நூற்றுக்கு நூறு சரி என்று பட்டது. அன்று காலையில்தான் என் போன் எனக்கு ஆக்டோபஸ் வீடியோ காட்டியிருந்தது. நானேதான் அதற்குமுன் அதைத் தேடிப் பார்த்திருந்தேன் என்பது ஞாபகத்திலேயே இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் என் கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "போன் கேக்குதுன்னே வெச்சுக்கோ. நீ பேசினது தமிழ். நபீலுக்கு யார் மொழிபெயர்த்தா?" அதற்கும் ஒரு செயலி இருக்கும் என்று வாதாடினேன். எட்டு மாதம் வீட்டில் இருக்கும் மனிதருக்கு ஊர் உலகம் என்ன தெரியும் என்றுகூட ஒரு வார்த்தை விட்டேன். அதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டு நாளில் சுகன்யா அந்த நீல டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே சின்னத் துண்டுகூட விரித்திருந்தாள், போனில் கீறல் விழக்கூடாதாம். அன்றிலிருந்து போன்கள் டிக்கியில். மறுபடி தைரியமாகப் பேச ஆரம்பித்தோம். நான் மட்டும்தான் தைரியமாகப் பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு திங்கட்கிழமை, வேறொரு கம்பெனியில் புதன்கிழமை எனக்கு இன்டர்வியூ இருப்பதைச் சொன்னேன். கணவரைத் தவிர யாரிடமும் சொல்லாத விஷயம். வீட்டுக்குள் சொன்னதும் காருக்குள் சொன்னதும் எனக்கு ஒன்றுதான். "கிடைச்சிட்டா ரெண்டு பேருமே பொழைச்சோம் சுகன்யா. நீ இங்க, நான் அங்க" என்றேன். "கண்டிப்பா கிடைக்கும்க்கா" என்றாள்.

செவ்வாய் மதியம், உடம்பு சரியில்லை என்று புதன்கிழமைக்கு லீவு எழுதிக்கொண்டு நபீலிடம் போனேன். அவர் காகிதத்தைப் படிக்கவேயில்லை. "இன்டர்வியூ? குட் லக், மேடம்" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டு நீட்டினார்.

இதைப் படிக்கிற நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. புதன்கிழமை இன்டர்வியூவுக்குப் போய், கேட்டதற்கு ஒன்றும் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் வந்தேன். வியாழன் காலை சுகன்யா வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்றாள். போனை டப்பாவில் போடப்போன என் கையைத் தவமணி அக்கா பிடித்தார். நடந்ததைச் சொன்னேன், டப்பாவைத் தாண்டியும் கேட்கிறதே இந்தப் போன் என்று அங்கலாய்த்தேன். அவர் வண்டியை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"வத்சலா, உமக்கு இன்னும் விளங்கேல்லையே? ஃபோன் டிக்கியில கிடந்தது. காருக்குள்ள கிடந்தது நாங்கள் மூண்டு பேர். நபீல் எண்டால் கறுப்போ சிவப்போ எண்டும் எனக்குத் தெரியாது."

காரின் ஏசி காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. "சுகன்யாவா?" என்றேன். ஒரு கம்பெனி என்னை ஒட்டுக்கேட்டது என்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஊரெல்லாம் சேர்ந்து திட்டலாம், திட்டிவிட்டுத் தூங்கிவிடலாம். இது என் ஹாலில் படுத்துக்கொண்ட பெண்.

அடுத்த வாரம் ஆபீஸ் பேன்ட்ரியில் அவளை நிறுத்திக் கேட்டேன். மறுப்பாள், நான் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். அவள் மறுக்கவில்லை. கையிலிருந்த டீ கப்பைக் கீழே வைத்தாள்.

"என் பையன் ரெண்டு வருஷம் எங்கம்மாட்ட வளந்தான்க்கா. என்னைய வீடியோவுல மட்டும்தான் தெரியும். இப்பத்தான் கூட்டியாந்தேன், இப்பத்தான் அம்மான்னு கூப்புடுறான். நான் போனா மறுபடியும் முதல்ல இருந்து..."

"அனன்யாவுக்குப் பன்னெண்டாவது. மார்ச் வரைக்கும்தான்டி கேட்டேன்."

"தெரியும்க்கா" என்றாள்.

அந்தத் "தெரியும்க்கா"தான் என்னை அறுத்தது. தெரியாமல் செய்திருந்தால் எதையாவது சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். என் மகளின் பரீட்சைத் தேதி வரைக்கும் தெரிந்து, துண்டு விரித்த டப்பாவையும் கொண்டுவந்து கொடுத்து, அப்புறம் போட்டுக்கொடுத்திருக்கிறாள். "நல்லா இரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாழ்த்தாகச் சொல்லவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. மாற்றத்துக்கு ஒத்துழைக்காத மனப்பான்மை என்று ஒரு வரி இருந்தது. நோட்டீஸ் காலம் முடிந்து, விசா ரத்தாகி, இப்போது நாடு கொடுத்திருக்கும் மிச்ச நாட்களில் ஷார்ஜா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஹாலில் அட்டைப்பெட்டிகள். பாதி வீடு கார்கோவில் திருச்சிக்குக் கிளம்பிவிட்டது, மீதி பாதியில் சமைத்துச் சாப்பிடுகிறோம். நானும் கணவரும் போகிறோம். அனன்யாவுக்கு மட்டும் விசிட் விசா எடுத்து, பரீட்சை முடியும்வரை தவமணி அக்கா தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். "உங்கட பிள்ளை எனக்குப் பாரமே? போயிட்டு வாங்கோ" என்றார். சுகன்யாவை இன்னமும் காரில் ஏற்றுகிறீர்களா என்று கேட்டேன். "ஏத்தாமல் விட்டால் அவ எப்பிடி வேலைக்குப் போறது? பிள்ளைக்காரி. ஏத்துறன். ஆனால் கதைக்கிறேல்ல."

போன வருடம் லீவில் திருச்சி போயிருந்தபோது, விளையாட்டாக என் போன் வரைபடத்தில் "வீடு" என்பதை அழுத்தினேன். வழி எதுவும் கிடைக்கவில்லை என்றது. அதற்கு வீடு என்றால் அல் நஹ்தா, நடுவில் கடல். அப்போது எல்லோரும் சிரித்தோம். அடுத்த மாதம் திருச்சியில் இறங்கி அதை அழுத்தினாலும் அப்படியேதான் சொல்லும், நான் மாற்றாவிட்டால்.

இன்று காலை பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே தவமணி அக்காவின் கார் வந்து நின்றது. சுகன்யா போனைக் காதில் வைத்துக்கொண்டே பின்சீட்டில் ஏறினாள். டிக்கியை யாரும் திறக்கவில்லை. முன்சீட் காலி. அந்த நேரம் பார்த்து என் போன் சிணுங்கியது. "ஆபீஸுக்கு ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம். வழக்கத்தைவிட நெரிசல். இப்போதே கிளம்புங்கள்." பதினோரு வருடப் பழக்கத்தில் என் கால் செருப்பைத் தேடிப் போய்விட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கிறது என்று எத்தனை பழி போட்டேன் இதன்மேல்! எனக்கு வேலை போன விஷயம் இந்த ஊரில் இது ஒன்றின் காதில்தான் இன்னும் விழவில்லை.