திதி முடியட்டும் என்றார் அண்ணன்

அப்பா தம் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அண்ணனிடம் கொடுத்திருந்தார். பாசிர் ரிஸ் அடுக்குமாடி வீட்டில் பாதி எனக்கு என்று என்னிடமும் சொல்லியிருந்தார். அவர் காலமானபின் நான் கேட்டபோதெல்லாம், "முதல் திதி முடியட்டும்மா, என்ன அவசரம் லா?" என்றார் அண்ணன். துக்க வருடத்தில் சொத்துப் பேச்சு பாவம் என்று நானும் அடங்கிப் போனேன்.

திதிக்கு முன்பே ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். அப்பா வீட்டு ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழியில் யாரோ ஒரு குழந்தையின் சட்டைகள் காய்ந்தன. மாடியைத் தவறாக எண்ணிவிட்டேனோ என்று குழம்பி, அண்ணனுக்குப் போன் செய்தேன். "வித்தாச்சு. திதி முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

ஜாலான் புசாரில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். "அவரு விக்கலாம்மா, ஆனா மறைக்கக் கூடாது. உயில்ல பங்கு இருக்கிற நீங்க கேட்டா கணக்குக் காட்டணும். காட்டலன்னா கோர்ட்டுக்குப் போகலாம்" என்றார்.

எழுதிக் கேட்டேன். கணக்கு வந்தது, பங்கும் வந்தது. அப்பாவின் திதிக்குத்தான் அழைப்பு வரவில்லை.

கேட்டது தவறா, காத்திருந்தது தவறா, இன்னும் எனக்கு விளங்கவில்லை. என் உயிலை மட்டும் மகனையும் மகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் படித்துக் காட்டிவிட்டேன். என் திதிக்காவது இருவரும் சேர்ந்து வரட்டும்.