கொஞ்சம் இளைப்பு

மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கும் தங்கத்தாய் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நெல் அவித்துக் குத்தி, அரிசியாக்கி விற்பது அவள் பிழைப்பு. புருஷன் இல்லை. ஒரே மகள், உலகம்மை. புடைக்க முறத்தை எடுத்தால், "ஏட்டி, வாய்க்கா பக்கமாப் போய் நில்லு" என்று முதலில் மகளை வெளியே அனுப்பிவிடுவாள். தவிட்டுத் தூசி பட்டால் அவளுக்கு மூச்சு இழுக்கும். சாரல் காலத்தில் தூசியும் வேண்டாம், ஈரக்காற்றே போதும். அவள் நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி அகப்பட்டுக்கொண்டு வழி தேடுவது மாதிரி, சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

டாக்டர்கள் ஆஸ்துமா என்பதை எங்கள் பக்கத்தில் இளைப்பு என்போம். உடம்பு மெலிந்து கிடப்பதற்கும் அதே சொல்தான்.

பெண் பார்க்க வந்த முதல் வீட்டாரிடம், மூச்சு முட்டும் என்று தங்கத்தாய் உடைத்தே சொன்னாள். காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் வரவில்லை. அடுத்த வீட்டாருக்கு யார் மூலமோ தெரிந்து, பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். கீழப்பாவூரிலிருந்து முருகம்மாள் மகனோடு வந்தது 1957 பங்குனியில். நல்ல வெயில். உலகம்மை நெஞ்சில் சத்தமே இல்லை.

முருகம்மாள் வாய் ஓயாத பொம்பளை. வந்ததிலிருந்து எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"பிள்ளைக்கு என்னமும் சீக்கு உண்டுமா மயினி? பின்னால தெரிஞ்சா நல்லாருக்காது, பாத்துக்கிடுங்க."

"கொஞ்சம் எளப்பு உண்டு" என்றாள் தங்கத்தாய், தரையைப் பார்த்தபடி.

"அதான் கண்ணுக்குத் தெரியுதுல்லா! குச்சியில சேலையச் சுத்துன மாதிரி நிக்கா. உளுந்தங்களி கிண்டிப் போட்டு ஒரே வருசத்துல வாசல்ல நுழைய முடியாமப் பண்ணிருதேன், பாருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். தங்கத்தாயும் சேர்ந்து சிரித்தாள். அன்று சாயங்காலம், பெண் பார்க்கும்போது கூடவே இருந்த என் அம்மாவிடம் வந்து, "நான் சொல்லத்தான செஞ்சேன்? நீயும் கேட்டேல்லா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்தபடி, "சொன்னே, சொன்னே" என்றாள்.

மாப்பிள்ளை இசக்கியப்பன் அமைதியானவன். ஆனால் அது பீடி சுற்றுகிற வீடு. வீடு பார்க்கப் போனபோது கண்ணாடி ஓட்டு வழியே விழுந்த வெளிச்சத்தில் புகையிலைத் தூள் மிதந்ததைத் தங்கத்தாய் பார்த்தாள். அவளுக்கே தும்மல் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு தாம்பூலம் மாற்றினாள்.

வைகாசியில் கல்யாணம். அப்புறம் தென்காசி மருந்துக்கடையில் மூச்சு இழுப்புக்கான எபிட்ரின் மாத்திரை வாங்கி மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். தலைவலிக்கு என்று சொல்லிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். மூச்சு முட்டினால் உலகம்மை கொல்லைப்புறம் போய், அது அடங்கின பிறகு வருவாள். மாத்திரை போட்டால் நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும். பீடி இலை கிழியும். "சத்தே இல்ல பிள்ளைக்கு, கை ஆடுது" என்று முருகம்மாள் இன்னும் ஒரு உருண்டை களியை அவள் தட்டில் வைப்பாள்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டில் விட முருகம்மாளே கூட்டிவந்தாள். குற்றாலத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"வந்தது வந்தாச்சு. எண்ணெ தேச்சு அருவியில குளிப்பாட்டிட்டுப் போறேன். உடம்பு பிடிச்சிரும்" என்றாள்.

அவர்களோடு என் அம்மாவும் போனாள். பாறையில் உட்காரவைத்து முருகம்மாள் மருமகளுக்கு எண்ணெய் தேய்க்கும்போது அம்மா தங்கத்தாயைக் கிள்ளினாளாம். "இப்பமாவது சொல்லிருட்டி." தங்கத்தாய் வாயைத் திறந்தாள். உலகம்மை வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். சொல்லிவிட்டால், ஆடி கழிந்து பெண்ணை அழைத்துப்போக யாரும் வராமல் போகலாம். தங்கத்தாய் வாயை மூடிக்கொண்டாள்.

"தண்ணி என்ன, கடிச்சா தின்னுரும்? வா ஏட்டி!" முருகம்மாள் கையைப் பிடித்து அருவிக்குள் இழுத்தாள்.

திரும்பி வந்த குதிரைவண்டி எங்கள் தெருமுனையில் நின்றது. துணைக்கு என்று நானும் ஏறிக்கொண்டேன். உலகம்மையின் உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் காதைத் தொட்டு இறங்கியது. தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டு நிறுத்தினார்.

"இதுக்கு முன்னால இப்படி வந்திருக்கா?"

"இல்லய்யா, இதான் மொதத் தடவ" என்றாள் முருகம்மாள்.

"இருதயக் கோளாறா இருந்தா இந்த ஊசி போடக்கூடாது. யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

தங்கத்தாய் சம்பந்தியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "சின்னப்பிள்ளையிலருந்தே உண்டுய்யா. இருதயமில்ல, எளப்பு. இந்த ஊசி இங்கனயே போட்டிருக்கு."

ஊசி ஏறிற்று. மெல்ல, தோள்கள் இறங்கத் தொடங்கின.

"எளப்புன்னுல்லா சொன்னீக" என்றாள் முருகம்மாள்.

"அது இதுதான் மயினி."

"இதுன்னு தெரிஞ்சா இழுத்திருப்பனா? எங் கையாலயே..." எண்ணெய்ப் பிசுக்கு இருந்த கையைச் சேலையில் துடைத்தாள். அது போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

பிறகு டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன கொடுக்கலாம், எது ஆகாது, எந்த மாத்திரை எப்போது. புகையிலைத் தூள் என்று அவர் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

வெளியே வந்து, "பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"ஆடி முடியலையே மயினி."

"ஆடியாவது ஆவணியாவது! உங்க வீட்டுலயும் தவிட்டுத் தூசி. கட்டிக் குடுத்தாச் சரின்னு இருந்துட்டீக. எனக்குப் பிள்ளை உசிரோட வேணும்."

தங்கத்தாய் எங்களோடு வண்டியில் வர மறுத்துவிட்டாள். தென்காசியிலிருந்து மேலகரத்துக்குச் சாரலில் நடந்தே வந்தாள்.

ஐப்பசியில் பலகாரம் கட்டிக்கொண்டு கீழப்பாவூர் போனாள். போன கதையை அம்மாவிடம் அவள் சொல்லும்போது நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பீடித் தட்டெல்லாம் தெருக்கோடியில் ஒரு கொட்டகைக்குப் போய்விட்டதாம். தலையணை வெயிலில் காய்ந்து கிடந்ததாம். முருகம்மாள் மரியாதையாகத்தான் இருந்தாள். காப்பி கொடுத்தாள். கேலி மட்டும் பேசவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. உலகம்மை பேச்சை நிறுத்தினாள். நெஞ்சில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. தங்கத்தாய் முதுகைத் தடவக் கையை நீட்டினாள். மகள் அடுக்களைப் பக்கம் திரும்பி, "அத்தே!" என்று கூப்பிட்டாள்.

முருகம்மாள் வெந்நீரும் பாதி மாத்திரையுமாக வந்தாள். தலையணையை மடியில் வைத்து மருமகளை முன்னால் சாய்த்தாள். தங்கத்தாய் எழுந்து இடம் விட்டாள். சுவரோரம் நின்றாள்.

"மூச்சு சீராகுத வரைக்கும் நின்னேன்" என்றாள் அம்மாவிடம். "போன்னும் யாரும் சொல்லல. இருன்னும் சொல்லல."