விளைமீன் வந்த வெள்ளிக்கிழமை

நாற்பத்தைந்து வயதில்தான் யோகலிங்கம் மீன் விற்கத் தொடங்கினார். அதுவரை அவர் படக்காரர். கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் மகளின் பெயரில் ‘மேனுகா ஸ்ரூடியோ’ என்று கடை வைத்திருந்தவர். கலியாண வீடுகளில் பொம்பிளை மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக எல்லோரும் தேடுகிற ஆள் அவர்தான். தாலி கட்டுகிற நேரத்தில் ஐயரையே “கொஞ்சம் பொறுங்கோ” என்று மறிக்கிற அதிகாரம் வேறு யாருக்கு உண்டு? அந்த மிடுக்கு மனுசனின் நடையிலேயே இருந்தது.

தொண்ணூற்றாறில் சண்டை வந்து கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது கமெராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மனைவி நாகேஸ்வரியோடும் மகளோடும் வற்றாப்பளைக்கு வந்து ஒரு கொட்டில் போட்டார். பொருளாதாரத் தடையால் பற்றரியே வராத வன்னிக்குள் பில்ம் எங்கே வரப்போகிறது? கமெரா ஆணியில் தொங்கியது. நிவாரண அரிசியையும் கூரையையும் பார்த்துக்கொண்டு சில மாதம் இருந்துவிட்டு, ஒருநாள் விடியச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிலாவத்தைக் கரைக்குப் போனார்.

அங்கே கிறகோரி இருந்தார். வள்ளம் வைத்திருந்த கத்தோலிக்க வேதக்காரர், இவரோடொத்த வயது. யோகலிங்கம் மீன் குவியலுக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்ததுமே ஆளுக்குத் தொழில் புதிது என்று அவருக்கு விளங்கிவிட்டது. தன் பழைய மீன்பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்து, தானே சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார்.

“செவுளைத் தூக்கிப் பாத்து எடு மச்சான். சிவப்பாய் இருந்தால்தான் வாங்கு. வெயிலுக்கு முதல் வித்து முடிச்சுப்போடு.”

அந்த ‘மச்சான்’ முதலில் யோகலிங்கத்தின் காதில் முள்ளாய்க் குத்தியது. கடற்கரை ஆள் ஒருவன் தன்னை முறை சொல்லிக் கூப்பிடுவதா என்று உள்ளே ஒரு புழு நெளிந்தது. ஆனால் பெட்டி தேவையாயிருந்தது. வாங்கிக்கொண்டார்.

மீன் விற்கிறவன் கூவ வேண்டும். யோகலிங்கத்துக்கு வாய் வரவில்லை. தான் படம் எடுத்த கலியாணக்காரர் யாராவது அந்த ஒழுங்கையில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டால்? தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, சைக்கிள் மணியை மட்டும் அடித்துக்கொண்டு போனார். தபால்காரர் என்று ஓடி வந்த பெண்கள் பெட்டியைக் கண்டதும் ஏசினார்கள். “கடிதம் எண்டு ஓடி வந்தால் சூடைமீனும் கீரிமீனும் எண்டுறீர்!” இவர் சொல்லிக்கூட இருக்கமாட்டார்; அவர்களே எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். விற்காத மீனோடு திரும்பி வந்தபோதெல்லாம் கிறகோரிதான் அதை வெட்டி உப்புப் போட்டுக் கருவாடாக்கிக் கொடுத்தார். மாதங்கள் போகப் போக ‘மச்சான்’ பழகிவிட்டது. சரியாகச் சொன்னால், அதைக் கேட்காத நாள் யோகலிங்கத்துக்கு நாளாகவே படவில்லை.

மேனுகாவுக்குச் சம்பந்தம் வந்தது அடுத்த வருசம். மாப்பிள்ளையின் தகப்பன் மயில்வாகனம் கண்டாவளையில் வயலும் மாடும் என்று இருந்தவர். இப்போது முள்ளியவளையில் இடம்பெயர்ந்து இருந்தார். தரகர் அவர்களிடம் ‘ஸ்ரூடியோ முதலாளி’ என்று சொல்லி வைத்திருந்தார். யோகலிங்கம் திருத்தவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. முதல்நாள் கரையில், “நாளைக்கு வரமாட்டன், மேல் காயுது” என்று கிறகோரியிடம் பொய் சொல்லிவிட்டு வந்தார். மகளின் நல்ல காரியத்தைச் சொன்னால் அந்த மனுசன் வந்து நின்றுவிடுவாரே என்ற பயம்தான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

வெள்ளியன்று கமெராவைத் துடைத்து மேசையில் வைத்தார். சைக்கிளைக் குசினிக்கு அருகில் சாத்திப் பெட்டியின்மேல் சாக்குப் போட்டார். மயில்வாகனம் குடும்பம் கதிரைகளில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது படலை திறந்தது.

கிறகோரி நின்றார். கையில் ஈர்க்கில் கோத்த இரண்டு விளைமீன். சைவ வீடுகளில் வெள்ளியன்று மீன் வாடையே ஆகாது. அவருக்கோ வெள்ளி என்றால் இறைச்சியைத் தள்ளிவைத்து மீன் சமைக்கிற நாள். காய்ச்சல்காரனுக்குச் சொதி வைக்க என்று ஆறேழு கட்டைத் தூரம் நடந்து வந்திருந்தார்.

“என்ன, இப்ப எப்பிடி இருக்கு…” என்று தொடங்கியவர் சபையைக் கண்டு நிறுத்தினார்.

மயில்வாகனத்தின் மனைவி மீனைப் பார்த்து முந்தானையால் மூக்கை மூடினாள். மயில்வாகனம், “ஆர் இது?” என்று கேட்டார்.

“மீன்காரன்” என்றார் யோகலிங்கம். மீன்காரர் என்றுகூட அவர் வாய் சொல்லவில்லை. “இண்டைக்கு வெள்ளியெல்லே, மீன் வேண்டாம். போ.”

கிறகோரி அவரைப் பார்த்தார். மேசையில் இருந்த கமெராவைப் பார்த்தார். குசினிப் பக்கம் சாக்கு விலகித் தெரிந்த பெட்டியையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியது.

“குறை நினையாதேங்கோ ஐயா. என்ர பெட்டியை இதில வச்சிட்டுப் போட்டன். எடுத்துக்கொண்டு போறன்.”

தான் கட்டிக் கொடுத்த கயிற்றைத் தானே அவிழ்த்து, பெட்டியைத் தோளில் வைத்து, மீனையும் அதற்குள் போட்டுக்கொண்டு போனார். குசினி வாசலில் நின்ற நாகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

மயில்வாகனம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “பாவம், எங்கட நிலைமையும் இதுதான். நான் இப்ப விறகு கட்டி விக்கிறன் பாருங்கோ. மூத்தவன் வீடு வீடாய்க் கிணறு இறைக்கிறான். இதில என்ன வெக்கம்?”

அப்போதாவது யோகலிங்கம் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. “ஓம் ஓம்” என்று தலையாட்டினார். சம்பந்தம் பொருந்தியது. அவர்கள் போனபிறகு நாகேஸ்வரி ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: “அந்தாளுக்கு ஒரு வாய் தண்ணியாவது குடுத்தனீங்களோ?” அன்று யோகலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. தன்னை நினைக்கத் தனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கரைக்குப் போனார். பெட்டி கழுவித் துடைத்துத் தயாராய் இருந்தது. கிறகோரி வழக்கம்போல் நல்ல மீனாய்ப் பொறுக்கிப் போட்டார். முகத்தில் கோபமில்லை.

“காய்ச்சல் சுகமோ ஐயா?”

‘மச்சான்’ இருந்த இடத்தில் ‘ஐயா’ வந்ததைக் கேட்டு யோகலிங்கம் எதையோ சொல்லத் தொடங்கினார். பாதியில் விட்டுவிட்டுப் பெட்டியைக் கரியரில் கட்டினார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நேரே முள்ளியவளைக்கு மிதித்தார். சம்பந்தியின் படலையடியில் இறங்கி, துவாயைத் தலையிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாகக் கூவினார்: “மீன்! மீனோ மீன்!” வெளியே வந்த மயில்வாகனம் திகைத்து நிற்க, நேற்று வந்தவர் யார், பெட்டி யாருடையது, தான் சொன்னது என்ன என்பதையெல்லாம் தெருவில் நின்றபடியே சொல்லி முடித்தார். மயில்வாகனம் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு மீன் வாங்கச் சட்டி எடுத்துவர உள்ளே போனார்.

அந்த வெயிலோடே யோகலிங்கம் கரைக்குத் திரும்பினார். கிறகோரி கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார்.

“சம்பந்தியிட்டை எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். கலியாணத்துக்கு நீ முன்னுக்கு நிக்கவேணும்.”

கிறகோரியின் முகம் உண்மையாகவே மலர்ந்தது. எழுந்து, கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

“நல்லது ஐயா. கட்டாயம் வாறன் ஐயா.”