187-க்குப் பிறகு

இது நடந்தது. தேதி இருக்கிறது: 1977 ஜூலை 19, செவ்வாய்க்கிழமை. மணி இருக்கிறது. கேசட் மெஷினின் மீட்டர் எண்கள்கூட இருக்கின்றன. எல்லாவற்றையும் அன்றன்றைக்கே டைரியில் குறித்து வைப்பது சிவசங்கரனின் பழக்கம். குறித்ததைத் திரும்பப் படித்து, சரியாகத்தான் குறித்தோமா என்று குழம்புவதும் அவன் பழக்கம். தன்னையே இவ்வளவு சந்தேகப்படுகிறவன் கதை கட்ட மாட்டான்.

அப்போது அவனுக்கு இருபத்துமூன்று வயது. திருச்சிக்காரன். பர் துபாயில், மரணங்களை விசாரிக்கிற ஒரு போலீஸ் ஆபீஸில் மொழிபெயர்ப்பு கிளார்க். தமிழ் ஆள் யாராவது செத்துப்போனால் ஃபைல் அவன் மேஜைக்கு வரும். கூட இருந்தவர்களின் வாக்குமூலம், பெட்டியில் கிடைத்த கடிதம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் டைப் அடிக்க வேண்டும். அந்தக் கோடையில் அது பதினோராவது ஃபைல். மாலை ஆறரைக்கு அரபி வகுப்பு. ராத்திரி பத்துக்குச் சோறு. நன்றாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கே தெரியாது.

இறந்தவன் பெயர் உடையப்பன். முப்பத்தொரு வயது, சிவகங்கைப் பக்கம். கட்டட வேலை. சனிக்கிழமை காலை நாலாவது மாடிச் சாரத்திலிருந்து கீழே வந்துவிட்டான். விழுந்தானா, குதித்தானா? ஃபைலில் மிச்சமிருந்த கேள்வி அது ஒன்றுதான்.

மேஸ்திரி சொன்னார்: "ஊர்லேர்ந்து லெட்டர் வந்துச்சு. மூணு நாளா சரியா சாப்பிடல. குதிச்சிட்டான்."

ஒரே ரூமில் இருந்த நாகலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் பாக்கல சார்." மறுநாள் காலை அவன் அதே மேஸ்திரியிடம்தான் டூட்டிக்குப் போக வேண்டும்.

மிச்சம் ஒரு கேசட். எழுதத் தெரியாதவர்கள் ஊருக்குக் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் அது. உடையப்பனும் தன் மனைவி நாகவள்ளிக்குப் பேசி, அனுப்பாமல் பெட்டியில் வைத்திருந்தான்.

தலைமை கிளார்க் சித்தீக் பாய் கீழக்கரைக்காரர். கிளம்பும்போது கேசட்டை மேஜையில் வைத்தார்.

"தம்பி, நாலு மணிக்கு ஆபீசர் கையெழுத்துப் போட்டுருவாரு. அதுக்குள்ள கேட்டு அடிச்சு வையி. குதிச்சான்னு எழுதிட்டா அந்தப் பொம்பள ஆயுசுக்கும் அதைச் சுமக்கணும். தூங்கிறாம கேளு."

ஒரு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். இனி நாலு மணிக்குத்தான் ஆபீஸ். வெளியே வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. சிவசங்கரன் கதவை உள்ளே தாழ் போட்டான்.

மெஷின் பழையது. பதிவு செய்கிற சிவப்புப் பொத்தான் எப்போதோ உடைந்து, அந்த ஓட்டையில் யாரோ காகிதம் அடைத்திருந்தார்கள். கேட்க மட்டும்தான் முடியும்.

மணி 1.20. மீட்டர் 000.

"ஏ புள்ள நாகவள்ளி... நல்லாருக்கியா? சின்னவனுக்குக் காது குத்தியாச்சா? இங்க வெயிலு தாங்கல. ஒடம்பு அலுத்துப் போச்சு புள்ள. தூங்கி எந்திரிச்சாலும் அலுப்புப் போவமாட்டேங்குது..."

பின்னால் தட்டுகள் மோதும் சத்தம். யாரோ சிரித்தார்கள். வேலையாட்கள் தங்குகிற கேம்ப் ரூம்தான். இன்னும் கொஞ்சம் பேச்சு, பிறகு "வச்சிர்றேன்" என்றான். மீட்டர் 187. அதற்கப்புறம் வெறும் இரைச்சல். முன்னூறு வரை ஓடவிட்டான். இரைச்சல்தான்.

டைப் அடித்தான். 'அலுப்பு' என்ற வார்த்தை அவனை நிறுத்தியது. அதை எப்படி அடித்தாலும் மேஸ்திரி சொன்னதற்குச் சாதகமாகவே வந்தது. அடித்தான், அழித்தான், வேறு மாதிரி அடித்தான். அந்த இடத்தை இன்னொரு தடவை கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

மணி 2.05. மறுபடி 000-இலிருந்து.

187 வந்தது. "வச்சிர்றேன்."

இரைச்சல் வரவில்லை.

யாரோ மூச்சு விட்டார்கள். மாடி ஏறி வந்தவன் விடுகிற மூச்சு. தட்டுச் சத்தம் இல்லை, சிரிப்பு இல்லை. வேறொரு சத்தம்... சொட்... சொட்... தண்ணீருக்குள் தண்ணீர் விழுகிற சத்தம்.

203-இல் எல்லாம் நின்று இரைச்சல் வந்தது.

முதலில் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். தன்மேல்தான் தப்பு இருக்கும். எப்போதும் அப்படித்தானே. டைரியில் குறித்தான்: '187 தவறு. 203.'

ஜன்னல் ஏசிக்குக் கீழே தண்ணீர் பிடிக்க ஒரு நெய் டப்பா வைத்திருந்தார்கள். அது நிறைந்து வழியப் போகிற நிலை. எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு வந்து வைத்தான். காலி டப்பாவில் சொட்டு விழுந்தது. டங்... டங்...

மணி 2.50. மூன்றாவது தடவை.

187. மூச்சு.

பிறகு அந்தச் சத்தம்.

டங்... டங்...

அவன் டப்பாவைப் பார்த்தான். டப்பாவில் ஒரு சொட்டு விழுந்தது. கேசட்டிலும் விழுந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

203 தாண்டியது. 204... 205...

"சார்."

கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை. ஏன் என்று டைரியில் எழுதவில்லை.

"பலக கட்டல சார். ரெண்டு மொனையும் கட்டல. கயிறு கேட்டேன். மேஸ்திரி யல்லா யல்லான்னு வெரட்டுனாரு. ஏறுனேன்."

டங்...

"நானா குதிக்கல. எழுதுங்க."

எழுதினான். டைப்ரைட்டரில் இரண்டாம் பக்கத்துக்குத் தாள் செருகி, கேட்டதைக் கேட்டபடி அடித்தான்.

"எழுதிட்டீங்களா?"

அவன் கடைசி வரிக்கு முற்றுப்புள்ளி வைத்தான்.

"எழுதிட்டீங்களா சார்?"

இப்போது குரல் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தது.

"எழுதிட்டேன்" என்றான் சிவசங்கரன், காலியான ரூமைப் பார்த்து. "எழுதிட்டேன்... எழுதிட்டேன்."

டக்.

மெஷின் தானாக நின்றது. மீட்டர் 231.

மணி 3.12.

சித்தீக் பாய் 3.40-க்கு வந்தார். இரண்டு பக்கத்தையும் படித்தார். கேசட்டைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். 187-இல் முடிந்தது. அப்புறம் இரைச்சல். முன்னூறு வரை, நானூறு வரை, கேசட் தீரும் வரை இரைச்சல்.

"ரெண்டாம் பக்கம் எங்கேர்ந்து தம்பி வந்துச்சு?"

"கேட்டேன் பாய். இப்போ... அதுலதான் கேட்டேன்."

"மதியம் பசியாறுனியா?"

"இல்ல."

"ராத்திரி தூங்குனியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். சித்தீக் பாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு நினைத்துக்கொண்டான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் கேக்கல. ஆபீசரும் கேக்கப்போறதில்ல. ஆனா நீ கேட்டது நெசம்னு சொல்லு, இந்தப் பக்கத்தை வச்சு நானும் கையெழுத்துப் போடுறேன். சைட்டுல போய்ப் பலகையைப் பாக்கச் சொல்லுவோம். வேலை போனா ரெண்டு பேருக்கும் போவட்டும். சொல்லு. கேட்டியா?"

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. டப்பாவில் சொட்டு விழுந்தது. சிவசங்கரன் டைரியைத் திறந்தான். 187. 203. 231. தன் கையெழுத்துதான். அடித்துத் திருத்தியதும் தன் கைதான். எதை நம்புவது?

"தெரியல பாய்" என்றான். "தூங்கியிருப்பேன் போல."

அவர் இரண்டாம் பக்கத்தை உருவி அவனிடமே கொடுத்தார். அவன் அதை நாலாக மடித்து டைரிக்குள் வைத்தான். 4.20-க்கு ஆபீசர் கையெழுத்துப் போட்டார். தானாகக் குதித்து மரணம். ஃபைல் மூடியாயிற்று. உடல் அங்கேயே எரிக்கப்பட்டது. லீவில் போன நாகலிங்கம் பெட்டியையும் விசாரணைப் பேப்பரையும் கேசட்டையும் ஊருக்குக் கொண்டுபோனான்.

அன்று மாலை சிவசங்கரன் அரபி வகுப்புக்குப் போனான். பெஞ்சில் தலை வைத்துத் தூங்கிவிட்டான்.

அக்டோபர் 23-ஆம் தேதி ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. 'தமிழ் எழுதும் சாருக்கு' என்று போட்டிருந்தது. நாகவள்ளி சொல்லச் சொல்ல யாரோ எழுதிக் கொடுத்தது. சிவசங்கரன் அதை டைரியில் அப்படியே பார்த்து எழுதி வைத்திருக்கிறான்:

"பெட்டி வந்து சேர்ந்தது. கேசட்டை மாரியம்மாள் அக்கா வீட்டு டேப்பில் போட்டுக் கேட்டோம். தெருவே நின்று கேட்டது. பலகை கட்டவில்லை, நானாகக் குதிக்கவில்லை என்று அவர் சொல்கிறார். பக்கத்தில் தகரத்தில் தண்ணீர் சொட்டுகிறது. எழுதிட்டேன் என்று நீங்கள் மூன்று தடவை சொல்வதும் கேட்கிறது."

இந்த இடத்தில் அவன் எழுந்து போய் மெஷினைப் பார்த்தான். சிவப்புப் பொத்தான் இருந்த ஓட்டையில் காகிதம் அடைத்தபடியே இருந்தது. திரும்பி வந்து மிச்சத்தைப் படித்தான்.

"அதோடு நீங்கள் பேசவில்லை. ஆனால் அவர் விடவில்லை சார். எழுதிட்டீங்களா, எழுதிட்டீங்களா என்று கேசட் தீருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேப்பரை வாத்தியாரிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். அதில் ஏன் சார் இல்லை?"