பனித்தரையில் ஒரு தும்புத்தடி

ஊரில் போர் முடிந்த வருடத்துக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. லா ஷப்பல் என்ற பிரெஞ்சு நகர்ப்பகுதியில், ரயில் பாதைகளைப் பார்த்தபடி இருந்த சின்ன வீடு அது. அப்பா வேலையால் வந்ததும் தொலைபேசி அட்டையைச் சுரண்டி ஊருக்கு எடுத்துப் பார்ப்பார். அம்மா பக்கத்தில் நிற்பார். இணைப்புக் கிடைக்காது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கொஞ்ச நேரமாவது வெளியே போய்வர ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அந்தச் சாட்டை மாநகரசபை தந்தது. நத்தார் பண்டிகை விடுமுறைக்காகப் பக்கத்துப் பூங்காவில் நீளமாக ஒரு பனித்தரை போட்டு, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கேர்லிங் என்ற விளையாட்டைப் பழக்கினார்கள். கைபிடி வைத்த ஒரு பாரமான கல்லைப் பனியின்மேல் தள்ளிவிட வேண்டும். அது வழுக்கிப்போய் மறுகரையில் வரைந்திருக்கும் வட்டத்துக்குள் நிற்க வேண்டும். பெரியவர்கள் விளையாடினால் ஆட்கள் அதிகம். நாங்கள் சின்னப் பிள்ளைகள் என்பதால் ஒரு குழுவுக்கு மூன்று பேர். ஒருவர் கல்லைத் தள்ள, ஒருவர் வட்டத்தடியில் நின்று கை காட்ட, மூன்றாமவர் நீளத் தடி பூட்டிய தூரிகையோடு கல்லுக்கு முன்னால் ஓடி ஓடிப் பனியைத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் பனி இலேசாக இளகும், கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். அந்தத் தடியைக் கண்டதும் எனக்கு எங்கள் வீடு கூட்டும் தும்புத்தடிதான் நினைவுக்கு வந்தது.

முதல்நாள் கல்லைத் தள்ளப்போய் நான் குப்புற விழுந்தேன். கல் என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. என் வகுப்பில் படித்த மத்தியூ, கல்லுக்கும் இவளைப்போல வெட்கம் பிடித்துவிட்டது என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்குக் காது சிவந்துவிடும். அன்றோடு நின்றிருப்பேன். ஆனால் பழக்க வந்த பெண் என் கையில் தடியைத் தந்து தேய்க்கச் சொன்னார்.

அது எனக்கென்றே செய்த வேலை போலிருந்தது. யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. குனிந்தபடி பனியை மட்டும் பார்த்தால் போதும். எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பது நாலைந்து நாளில் பிடிபட்டுவிட்டது. தள்ளுகிறவனுக்குக் கல் கையை விட்டதோடு சரி, அதற்குப் பிறகு அது இவள் சொன்னபடிதான் கேட்கும் என்று அந்தப் பெண் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். மற்றவர்கள் இடம் மாறி மாறி விளையாடினார்கள். என்னை மட்டும் தும்புத்தடியிலிருந்து மாற்ற மத்தியூவே விடவில்லை.

கடைசி நாள் மாலை ஒரு போட்டி வைத்தார்கள். பெற்றோரும் வரலாம் என்றார்கள். என் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் வராத அப்பாவிடம் போய் நின்றேன்.

“நீ அதிலை என்ன செய்யிறாய்?” என்று கேட்டார்.

“வந்து பாருங்கோவன்” என்றேன். அவர் வந்து பார்த்து ஆச்சரியப்பட வேண்டும் என்று ஆசை.

அப்பா அன்றைய மாலை வேலையை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு வந்தார். அவருடைய வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். உயரமான கண்ணாடிக் கட்டடங்களில் கூட்டித் துடைப்பதுதான் அவருக்கு வேலை. விடியப்புறம் ஒருதரம், அங்கே இருப்பவர்கள் வீட்டுக்குப் போனபிறகு ஒருதரம். இது எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் சென்றன. வீட்டில் அதற்குப் பெயர் பியூரோ, பிரெஞ்சில் அலுவலகம். “அப்பா பியூரோவுக்குப் போயிட்டார்” என்பார் அம்மா. மேசை, நாற்காலி, பேனை எல்லாம் வைத்துக்கொண்டு அப்பா அலுவலகத்தில் இருப்பதாக நான் நினைத்திருந்தேன்.

கடைசிக் கல் எங்களுடையது. வட்டத்தின் நடுவுக்குப் போனால் வெற்றி. இருட்டி, பூங்கா விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மத்தியூ கல்லைத் தள்ளினான். கொஞ்சம் மெதுவாகத் தள்ளிவிட்டான் என்று கண்டதும் நான் முழுப் பலத்தையும் போட்டுத் தேய்த்தேன். அவன் பின்னால் வந்தபடி, கூட்டு, கூட்டு என்று பிரெஞ்சில் கத்தினான். இந்த நாட்டில் அப்பா முதன்முதலில் படித்த சொல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கயிற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பா என்ன கண்டிருப்பார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஒரு பையன் நிமிர்ந்து நின்று கத்துகிறான். அவனுக்கு முன்னால் தன் மகள் குனிந்து வழி கூட்டிக்கொண்டு ஓடுகிறாள்.

அப்பா கயிற்றைத் தூக்கி, குனிந்து நுழைந்து பனித்தரைக்குள் இறங்கினார். ஈரத்தரையில் நடந்து பழகியவர் போலச் சின்னச் சின்ன அடி வைத்து, வழுக்காமல் வந்தார். என் கையிலிருந்த தடியை வாங்கி மத்தியூவின் கையில் கொடுத்தார். தன்னிடமிருந்த கொஞ்சப் பிரெஞ்சில், என் மகள் இந்த வேலை செய்யமாட்டாள் என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னார். அவர் நல்லவிதமாகச் சிரித்துக்கொண்டு வேகமாக ஏதோ விளக்கினார். அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் விளங்கியது. அதற்குள் கல் வட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டிருந்தது.

ஒரு வசனம் போதுமாயிருந்தது. அப்பா, இது விளையாட்டு, இதில் கூட்டுகிற ஆள்தான் கெட்டிக்காரி. அங்கே நின்றவர்களில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்க் கடைகள் இருந்த தெருவால் வீட்டுக்கு நடந்தோம். கடைக்காரர் ஒருவர் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். அப்பா கவனிக்கவில்லை. கொஞ்சத் தூரம் போனபிறகு, “இதுக்கோ பிள்ளை நாங்கள் இஞ்சை வந்தனாங்கள்?” என்றார். என்னைப் பார்த்துக் கேட்டது போல் இல்லை.

நான் செய்த பிழை என்ன என்று யோசித்தேன். அம்மா பொழுதுபட்டுச் சாமிக்கு விளக்கு வைத்தபிறகு வீட்டில் தும்புத்தடியைத் தொடமாட்டார். அந்த நேரம் கூட்டினால் லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாளாம். நான் இருட்டினபிறகு, அதுவும் அத்தனை விளக்குகளுக்குக் கீழே, அப்பா பார்க்கக் கூட்டியிருக்கிறேன். கோபம் வரும்தானே. காரணத்தைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெரிய ஆறுதல்.

“இனிமேல் விளக்கு வைக்கிறதுக்கு முன்னம் கூட்டுறன் அப்பா” என்றேன்.

அப்பா நின்றுவிட்டார். பிறகு, “ஓம் பிள்ளை” என்று மட்டும் சொன்னார். என் விரல்கள் விறைத்துச் சிவந்திருந்ததைக் கண்டு தன் கம்பளிக் கையுறைகளைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். கோபம் போய்விட்டது என்று நினைத்தேன். கையுறைகள் முழங்கைவரை வந்தன, உள்ளே அவருடைய கைச்சூடு இருந்தது. முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால், பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூட்டிப்போகும் நீச்சல் குளத்தின் குளோரின் மணம் அடித்தது. அப்பாவின் பியூரோவில் நீச்சல் குளமும் இருக்கிறதாக்கும், ஒருநாள் என்னையும் அங்கே கூட்டிப்போகச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எண்ணியபடி அவரோடு நடந்தேன்.