கமலநாதனின் இடது கண்

பட்டுச் சேலையை உதறி விரிக்கும்போதெல்லாம் கமலநாதன் முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொள்வார். பட்டாசைக் கொளுத்திவிட்டு விலகுகிறவர் போல இருக்கும். சேலை மேசைமேல் விழுந்து, சரசரப்பு அடங்கிய பிறகுதான் மெல்லத் திரும்பிப் பார்ப்பார். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் சேலைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பெண்கள் இந்த ஒரு கடையில், இந்த ஒரு மேசையின் முன்னால் முண்டியடித்து நிற்பது, அவர் திரும்பிப் பார்த்ததும் அவர் முகத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான்.

சாதுவான நிறமென்றால் ஒன்றும் நடக்காது. கொஞ்சம் துடுக்கான நிறமென்றால் புருவங்களுக்கு நடுவே ஒரு சுருக்கம் விழும். கிளிப்பச்சையில் அகலச் சரிகை என்றால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் இடது கை நெற்றிப்பொட்டுக்குப் போகும், வலது கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். வாடிக்கைக்காரப் பெண்கள் இதற்கெல்லாம் பொருள் வகுத்து வைத்திருக்கிறார்கள். புருவம் சுருங்கினால் கிரகப்பிரவேசத்துக்குப் போதும். கண் மூடினால் கல்யாண விருந்துக்கு. மேசையைப் பிடித்தால் மணப்பெண்ணுக்கு, அல்லது மணப்பெண்ணை மிஞ்ச நினைக்கும் சித்திக்கு.

விஷயம் இவ்வளவுதான்: கமலநாதனுக்கு ஒற்றைத் தலைவலி. வாரத்தில் பாதி நாள் வரும். இடது பொட்டில் தொடங்கி, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பளீரென்ற வெளிச்சமும் பளீரென்ற நிறமும் அதை வாசல் வரை போய் அழைத்து வந்துவிடும். அப்படிப்பட்டவருக்குச் சேலைக் கடையில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் கிடையாது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் கொஞ்ச காலம் பெட்டி அடுக்கித்தான் பார்த்தார். அங்கே எல்லாமே அட்டை நிறம். தலை சும்மா இருந்தது. மனசுக்குத்தான் பிடிக்கவில்லை. "எனக்குக் கலருன்னா உசுருங்க," என்று திரும்பி வந்துவிட்டார். கலர் அவரை அப்படி நினைக்கவில்லை என்பது வேறு கதை.

தான் விற்ற சேலை ஒன்றைக்கூட அவர் மறந்ததில்லை. கொமுட்டர் ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் காட்டி, "அந்த அரக்கு நான் குடுத்தது. அன்னைக்கு வீட்டுக்குப் போயி வாந்தி," என்று பக்கத்தில் இருப்பவரிடம் பெருமையோடு சொல்வார்.

அவரை இப்படிக் கைராசிக்காரராக்கிய புண்ணியம் கிள்ளான் வீரம்மாவுக்குச் சேரும். மூத்த மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர், எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் அரை நாளைக் கரைத்துக்கொண்டிருந்தார். கமலநாதன் ஒன்றை விரித்தார், பார்த்தார், மேசையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு அடிக்கிறதா என்று வீரம்மா கேட்டதற்கு, "கண்ணப் பறிக்குதும்மா," என்றார், உள்ளது உள்ளபடி. வீரம்மா தனக்கு அதையே கட்டித் தரச் சொல்லிவிட்டார். மண்டபத்து மேடை விளக்கில் அந்தச் சேலை போட்ட போட்டில், ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பெண்ணின் அம்மாதான் தெரிந்தார். பெண்ணைத் தேட வேண்டியிருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் வீரம்மா ரகசியத்தை உடைத்தார்: "கமலநாதன் அண்ணே கண்ண மூடுனாருன்னா, யோசிக்காம எடுத்துரு லா." கோவில் மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் அது ஏறிய பிறகு யாராலும் தடுக்க முடியவில்லை.

எல்லாருக்கும் இந்த ஏற்பாடு புரிந்தது என்று சொல்ல முடியாது. காஜாங்கிலிருந்து வந்த ஒரு கணவர், தன் மனைவி மஞ்சள் சேலையைத் தோளில் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் ஒரு கண்ணை மூடித் திறப்பதைக் கவனித்துவிட்டு, "பாஸ், கொஞ்சம் வெளிய வரீங்களா," என்று மரியாதையாகக் கூப்பிட்டார். கடையே திரண்டு விளக்கம் சொன்னது. விளங்கியதும், தன் அம்மாவுக்கும் ஒரு சேலையைப் பார்த்துக் கண்ணை மூடச் சொன்னார்.

கமலநாதனின் தலை காணாத வைத்தியம் இல்லை. அது சுக்குப் பற்றுப் போட்டிருக்கிறது, கோடாரித் தைலத்தில் ஊறியிருக்கிறது, இரண்டு பொட்டிலும் கோயோக் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ரயிலேறியிருக்கிறது. சீன மருந்துக் கடையின் கசப்புத் தண்ணீர், பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் அம்மா ஓதிக் கொடுத்த தண்ணீர், கோவில் தீர்த்தம் என்று மூவினத்துத் தண்ணீரும் உள்ளே போயிருக்கிறது. பத்துமலையில் மொட்டையும் போட்டாயிற்று. முடி போயிற்று, வலி போகவில்லை. கிளினிக் மாத்திரைக்கு வலி கேட்கும், ஆனால் அது நின்றபடியே தூங்கவைக்கும். ஒரு முறை பட்டு அடுக்கின்மேல் சாய்ந்தவரை எழுப்ப நாலு பேர் வேண்டியிருந்தது. பின்தெருவில் பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையத்தில் திருச்செல்வம் கழுத்தைப் பிடித்துவிடுவார். பிடித்துவிடும் வரை சொர்க்கம். "ஒங்களுக்கு வெளிச்சம் ஆகாது அண்ணே. எனக்கு அந்தத் தொல்லையே இல்ல பாருங்க," என்று திருச்செல்வம் ஒரு நாள் சொல்ல, இருவரும் சிரித்த சிரிப்பில் வலி கூடியதுதான் மிச்சம்.

கடை முதலாளி தங்கமணி அம்மாளைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இழுப்பறையில் சில்லறைக்குப் பக்கத்திலேயே பனடோல் மாத்திரை வைத்திருப்பார். கமலநாதன் பொட்டைப் பிடித்தால் கோப்பி வரவழைப்பார். அதே தங்கமணி அம்மாள்தான், வியாபாரம் சூடுபிடித்ததும், அவர் மேசைக்கு நேர் மேலே இன்னும் இரண்டு எல்.இ.டி. விளக்குகளை மாட்டச் சொன்னார். "தலையப் பத்திரமா பாத்துக்க கமலா, தீபாவளி வருது," என்பார். வலி போய்விடாமல் பார்த்துக்கொள் என்று அதற்குப் பொருள்.

கிள்ளானில் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தால் வேறு உலகம். திரைச்சீலை எப்போதும் இழுத்தே கிடக்கும். மனைவி புஷ்பவல்லி வீட்டில் கடுகு தாளிக்க மாட்டார். வெடிக்கும் சத்தமும் எண்ணெய்ப் புகையும் கணவருக்கு ஆகாது என்று, குழம்பைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் அடுப்புக்குப் போய்த் தாளித்து வருவார். கல்யாணமான புதிதில் தீபாவளிக்கு ஆசையாய் ஒரு மயில்கழுத்துச் சேலை கட்டி வந்து நின்றார். புது மாப்பிள்ளை பார்த்தார், படுத்தார், மறுநாள் மாலைவரை சுவர்ப்பக்கமே திரும்பிக் கிடந்தார். அதிலிருந்து புஷ்பவல்லி கட்டுவது சாம்பல், பிஸ்கட், கழுவிவிட்ட மண்ணின் நிறம், இவைதான். புதிதாய்க் குடிவந்தவர்கள் அவரை ஏதோ ஆசிரமத்துக்காரர் என்று எண்ணித் திருநீறு கேட்டார்கள். ஒரே ஒரு முறைதான் புஷ்பவல்லி வாய் திறந்தார்: "ஒங்க கட முழுக்கக் கலரு. நம்ம வீட்டுல மட்டும் கறுப்பு வெள்ளப் படம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கமலநாதனுக்கு அது நெஞ்சில் தைத்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

போன வருடம் தோழியின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க மலர்விழி என்று ஒரு பெண் வந்தார். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். கமலநாதனின் இடது கண் மூடியதும் மற்ற பெண்களெல்லாம் சேலையைப் பார்த்தார்கள். மலர்விழி கண்ணைப் பார்த்தார். "அங்கிள், மைக்ரேனா?" என்றார். அந்த மேசையில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ரோஜாவும் பழுப்பும் கலந்த சாயமேற்றிய கண்ணாடி சிலருக்குக் கைகொடுக்கும், எல்லாருக்கும் அல்ல, போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, டாக்டரையும் விட்டுவிட வேண்டாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். கண் மூடிய சேலையை அவர் எடுக்காமலே போனது மற்றவர்களுக்குத் திகைப்பாக இருந்தது.

கண்ணாடி கமலநாதனுக்குக் கைகொடுத்தது. "சாயங்காலம் ஆறு மணி வெயிலு மாதிரி இருக்குங்க. நாள் முழுக்க ஆறு மணி," என்று கண்டவரிடமெல்லாம் சொன்னார். சனிக்கிழமைக் கூட்டம் முழுவதும் நின்று சமாளித்துவிட்டு, தலை இருக்கிறதா என்று பொட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டிலேயே தாளிக்கச் சொன்னார். புஷ்பவல்லி எண்ணெயில் கடுகைப் போட்டுவிட்டு, அது வெடித்த வெடியில் தானே பயந்து அடுப்பை அணைத்தார். பிறகு இருவரும் சேர்ந்து மறுபடி பற்றவைத்தார்கள்.

வம்பு கடையில் காத்திருந்தது. அந்தக் கண்ணாடி வழியே ராணி பிங்க் செங்கல்லாயிற்று, கிளிப்பச்சை மைலோ பானமாயிற்று, மற்றதெல்லாம் இன்னும் கொஞ்சம் செங்கல். இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு வந்த வீரம்மா மலை போலச் சேலைகளை விரிக்கவைத்தும் கமலநாதனின் முகம் பூஜையில் உட்கார்ந்தது போல அமைதியாக இருந்தது. கடைசியில் வீரம்மா எழுந்து முதலாளியிடம் போனார். "சரக்கு இந்த வருஷம் சரியில்லம்மா. அண்ணே மூஞ்சில ஒண்ணுமே வரல."

பெரிய இடத்துக்காரர்கள் வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றக் கூடாதா என்று தங்கமணி அம்மாள் நயமாகக் கேட்டுப் பார்த்தார். கமலநாதனோ கழற்றாமலே சமாளிக்கலாம் என்று எண்ணி, குத்துமதிப்பாகக் கண்ணை மூட ஆரம்பித்தார். நடிப்பு அவருக்கு வராத கலை. துக்க வீட்டுக்குக் கட்டிப்போக ஓர் ஆசிரியை எடுத்து வைத்திருந்த சாம்பல் நிறப் பருத்திச் சேலையைப் பார்த்துப் பொட்டைப் பிடித்து, மேசையையும் பிடித்துக்கொண்டார். ஆசிரியை அரண்டுபோய்ச் சேலையைப் போட்டுவிட்டு ஓடினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"கண்ணாடியா, பட்டு மேசையா, நீயே சொல்லிரு கமலா," என்றார் தங்கமணி அம்மாள்.

"கண்ணாடிங்க," என்றார் கமலநாதன். யோசிக்கவே இல்லை.

அவரைக் கடைசிக் கோடியில் இருக்கும் வேட்டிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். ஆண்கள் வேட்டி எடுக்கும் அழகைப் பார்க்க வேண்டும்: வருவார்கள், எட்டு முழமா என்பார்கள், கொண்டு போவார்கள். விரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். கொடுப்பவர் முகத்தைப் பார்ப்பது எங்கே. முன்பக்கத்தில் பட்டு உதறும் சத்தமும் பெண்கள் சிரிப்பும் கேட்கும்போது கமலநாதனுக்குக் கை துறுதுறுக்கும். வருத்தம் இருந்தது; இல்லை என்று அவரே சொல்ல மாட்டார். ஆனால் விவரம் தெரிந்த நாளாய் ஏங்கிக் கிடைத்த நிம்மதி இது. தூங்கும்போது தவிர அந்தக் கண்ணாடி அவர் மூக்கை விட்டு இறங்கவில்லை. தீபாவளிக் கூட்டத்தில் முதலாளி இரண்டு முறை ஆள்விட்டுக் கூப்பிட்டும் அவர் அசையவில்லை.

புஷ்பவல்லியின் தம்பி மகளுக்குச் செமினியில் கல்யாண விருந்து வைத்தார்கள். அதற்கு முந்திய வாரம் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறிக் கடைக்கு வந்தார் புஷ்பவல்லி. கணவரைத் தேடி வரவில்லை. நேரே பட்டு மேசைக்குப் போனார். தங்கமணி அம்மாளே எழுந்து எடுத்துக் காட்டினார். வேட்டிகளுக்கு நடுவே நின்ற கமலநாதனுக்கு, "அது வேணாம், அதுக்கும் மேல அடிக்கிறதக் காட்டுங்க," என்ற குரல் கேட்டது. வீட்டில் அப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் பிஸ்கட் நிறச் சேலைக்கு மேல் ஒரு புதுச் சேலையைச் சுற்றிக்கொண்டு, முந்தானையை இரு கையாலும் பிடித்தபடி புஷ்பவல்லி வந்து நின்றார். பின்னால் விற்பனைப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் தங்கமணி அம்மாள்.

"அத்தக்காரி நான். பளிச்சுன்னு போவணும்ல," என்றார். "எப்படி இருக்கு?"

கமலநாதனுக்குத் தெரிந்தது செங்கல். நல்ல செங்கல்தான். அதற்கு மேல் இருந்த முகமும், வெட்கமோ சந்தோஷமோ, எல்லாம் ஒரே செங்கல் நிறமாக இருந்தது. அவர் கை கண்ணாடிக்குப் போனது.

"கழட்டாதீங்க," என்று புஷ்பவல்லி பதறினார். "தல வலிக்கும். நல்லாருக்குன்னு சும்மா ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அவர் கழற்றினார். மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கூரையிலிருந்த விளக்கெல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் இறங்கின. வாடாமல்லி நிறமும் அதன் பச்சைக் கரையும் அவர்மேல் பாய்ந்தன. இடது கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கமலநாதன் கண்ணை மூடவில்லை. நீர் வழிய வழியப் பார்த்துக்கொண்டே, ஒரு முறை சுற்றிக் காட்டச் சொல்லி, ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காற்றில் மெல்ல ஒரு வட்டம் போட்டார்.