லண்டன் சரஸ்வதி

திருநெல்வேலியில் அம்மா இறந்த வருஷம், அப்பா என்னை மலையாளத்துச் சீமையில், வலியசாலையில் அம்மாவின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் பம்பாய்க்கு வேலைக்குப் போனார். மாமாவுக்கும் மாமிக்கும் குழந்தை கிடையாது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் மலையாளம். நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். அதனால் நான் பேசியதெல்லாம் கூடத்து மூலையில் நின்ற பெரிய வாத்தியத்தோடுதான்.

வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். ஆறு தந்தி. வீணையில் மெட்டு இருக்கும் இடத்தில் இதற்குக் கழுத்தைச் சுற்றி நரம்புக் கட்டுகள். முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வில்லால் வாசிக்க வேண்டுமாம். உச்சியில் செதுக்கிய ஒரு பெண்ணின் தலை. யாரோ வெள்ளைக்காரி, மாமிக்கு அவள் சரஸ்வதி. நவராத்திரிக்கு நெற்றியில் சந்தனம், தலையில் பூ. பூஜையில் வைத்த வாத்தியத்தை விஜயதசமிவரை தொடக்கூடாது என்பார்கள். எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லாததால் அது வருஷம் முழுக்கப் பூஜையிலேயே இருந்தது.

ஊர் திரும்பிய ஏதோ ஒரு துரை மாமாவின் தாத்தாவுக்குக் கொடுத்தது என்று கதை.

"லண்டன் சாதனமாக்கும்!" என்பார் மாமா, வருகிறவர்களிடமெல்லாம்.

"லண்டன்லேந்து வந்து என்ன, ஒரு நாள் வாயைத் திறந்ததோ?" என்பாள் மாமி.

வெளிநாட்டில் யாராவது வாங்கிக் கண்ணாடிக்குள் வைத்தால் தாத்தா பெயர் விளங்கும் என்று மாமாவுக்கு ஆசை. கொச்சியிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவரை வரவழைத்தார். இதுவும் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன்? "தாயே, போயிடாதே" என்று வெள்ளைக்காரியை வேண்டிக்கொண்டேன்.

வியாபாரி வாத்தியத்தின் முன்பக்கத்துத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். திருப்பிப் போட்டுத் தட்டையான முதுகை விரலால் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"முன்பக்கமும் தலையும் சீமை மரம்தான் சாமி. முதுகு நம்ம பலா. பழசு பொளந்திருக்கும், இங்க ஏதோ வீணை செய்யற ஆசாரி புதுசு வெச்சு ஒட்டியிருக்கான். வெளிநாட்டுக்காரன் இதை எடுக்கமாட்டான்."

"அப்போ லண்டன் இல்லையா?" மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"பாதி லண்டன்."

சமையலறை வாசலிலிருந்து மாமி கேட்டாள். "வேற மரம் வெச்சா ஒட்டுமோ? நாள்பட நிக்குமோ?"

"நிக்குதே அம்மா! இந்த முதுகு இல்லேன்னா வாத்தியம் எப்பவோ போயிருக்கும்."

அவர் போனதும் மாமா பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நான் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தப் பலாமர முதுகைத் தடவினாள். பிறகு அதே கையை என் முதுகில் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"எங்கேயும் போகவேண்டாம், கேட்டியோ" என்றாள்.

வாத்தியத்திடம்தான் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டு, நானும் வெள்ளைக்காரியை அண்ணாந்து பார்த்துக் கண்டிப்பாகக் கேட்டேன்: "கேட்டியோ?"